நான் பார்க்காத என் படங்கள்

அந்தப் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல் என் நாத்தனார் திரும்பிப் போனார். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரர், தன் அக்கா மகனுக்கென்று அனுப்பிய பெட்டி அது. உள்ளே சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் என்று பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின் தலையிலிருக்கும் குமிழ்களின் மேல் இன்னொன்றை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். சுவர் எழுப்பலாம், வீடு கட்டலாம், பிரித்துப் போட்டு மறுபடியும் கட்டலாம்.

"அம்மாவுக்கு மிக்ஸி, எம்புள்ளைக்குப் பிளாஸ்டிக்கா? அவனையே வச்சு வெளையாடச் சொல்லுங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அத்தை, அதாவது என் மாமியார், பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கெடக்கட்டும். பரண்ல தூக்கிப் போடு" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் பெட்டியைப் பரணில் போடாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆனையூரில் அப்போது வீடுகள் தள்ளித் தள்ளித்தான் இருந்தன. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கருவேல மரங்களும், அளந்து கல் நட்ட காலி மனைகளும். அத்தை விடியுமுன்பே எழுந்து பரவைக்கு பஸ் ஏறிவிடுவார். அங்கே மார்க்கெட்டில் அவருக்குக் காய்கறிக் கடை. மாமனார் காலமான பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியிருந்தார். திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை.

நானோ பசுமலையில் விடுதியில் தங்கிப் படித்தவள். ஓர் அறைக்குள் அத்தனை பெண்கள். ஒருத்தி சத்தம் போட்டுப் படிப்பாள், ஒருத்தி தூக்கத்தில் பேசுவாள், ஒருத்தி காரணமே இல்லாமல் சிரிப்பாள். கொஞ்சம் அமைதியாக இருக்க மாட்டார்களா என்று அப்போது எரிச்சல்பட்டிருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட முடியாமல் அவர் விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு கிடைத்தது அமைதி. காலைச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வீட்டு வேலை தீர்ந்துவிடும். அதிலிருந்து மாலை வரை என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் கோழியை விரட்டினால்தான் உண்டு.

அவர் குரல் மட்டும் கேசட்டில் வரும். ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். ஒரு பக்கம் அத்தைக்கு, மறுபக்கம் எனக்கு. "நல்லா இருக்கியா புள்ள? சாப்புட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் அவர் அறையின் ஏசி இரைகிற சத்தம் கேட்கும். "சாப்ட்டேங்க" என்று நான் டேப் ரெக்கார்டரைப் பார்த்துச் சொல்வேன்.

ஒருமுறை கேசட்டோடு கேமராவும் வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய அறைத்தோழர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். போட்டோ கேமரா அல்ல, படம் ஓடுகிற கேமரா. உள்ளங்கை அகலத்தில் டப்பா மாதிரி இருக்கும் ஃபிலிமை அதற்குள் சொருக வேண்டும். எடுத்து முடித்ததும் அந்த டப்பாவை அப்படியே மஸ்கட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே ஒரு கடையில் கொடுத்தால் வேறு தேசத்துக்கு அனுப்பிக் கழுவி வாங்கித் தருவார்களாம். போட்டுப் பார்க்கிற புரொஜக்டரும் அந்த உசிலம்பட்டிக்காரரிடம் இருந்தது.

"அம்மாவ எடு, வீட்ட எடு, தெருவ எடு. இங்க உக்காந்து பாத்துக்குறேன்" என்று கேசட்டில் சொல்லியிருந்தார்.

உசிலம்பட்டிக்காரர் ஒவ்வொரு பொத்தானாகக் காட்டிக்கொடுத்தார். ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தது. "மதினி, இதத் திருப்புனா ஓடாது. ஒரு அமுக்குக்கு ஒரே ஒரு படம் விழுகும். அது நமக்கு வேண்டாம்" என்றார். தலையாட்டினேன்.

முதல் டப்பாவில் அத்தையை எடுத்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தவர், கேமராவைக் கண்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரேஷன் கார்டுக்குப் படம் பிடிக்க நிற்பதுபோல் நின்றார். "நடங்கத்தை" என்றால் நடக்க மாட்டார். "எடுத்து முடி, பஸ் போயிரும்" என்பார். வீட்டை எடுத்தேன், வீடு சும்மா நின்றது. தெருவை எடுத்தேன், அதில் ஒரு நாய்கூட வரவில்லை.

டப்பா போய், சில மாதம் கழித்துக் கேசட் வந்தது. "எல்லாம் நல்லா விழுந்திருக்கு. அம்மா போட்டோ மாதிரி நின்டுக்கிட்டே இருக்கு" என்று சிரித்தார். ஏசி இரைந்தது. பிறகு மெதுவாக, "நீ எங்க புள்ள? ஒன்னயக் காணமே?" என்றார்.

கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பவள் படத்துக்குள் எப்படி வருவாள்? எனக்காக அதைப் பிடிக்க அந்த வீட்டில் யாரும் இல்லை. இதை அவருக்குச் சொல்வதற்கென்று பதில் கேசட்டை ஓடவிட்டு வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. காய்கறி நிலவரத்தையும் மழை வராததையும் பேசி முடித்தேன்.

அந்தச் சின்னத் திருகு ஞாபகம் வந்தது எப்படி என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விடுதியிலிருந்து சினிமாவுக்குப் போயிருந்தபோது, படத்துக்கு முன்னால் ஒரு விளம்பரம் போட்டார்கள். அதில் தீக்குச்சிகள் தாமாகவே பெட்டியிலிருந்து இறங்கி வரிசையாக நடந்து போயின. நூல் கட்டி இழுக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. இல்லை, ஒவ்வொரு படமாக நகர்த்தி நகர்த்தி எடுப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. ஒரு பகல் முழுக்க அரிசி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் டின்னுக்குப் பின்னாலிருந்த பெட்டியை எடுத்தேன்.

முதலில் ஒரே ஒரு சிவப்புக் கட்டை. அதைத் தரையில் வைத்து, ஒரு விரற்கடை நகர்த்தி, கேமராவை ஒரு அமுக்கு. மறுபடியும் ஒரு விரற்கடை. மறுபடியும் ஓர் அமுக்கு. கேமராவை நிறுத்திவைக்க ஸ்டாண்டு எதுவும் என்னிடம் இல்லை. பலகைமேல் வைத்தால் அமுக்கும்போது ஆடியது. கடைசியில் ஒரு மஞ்சப்பையில் உளுந்தைக் கட்டி, அதன் மேல் கேமராவை அழுத்தி உட்காரவைத்தேன். குழந்தை தலையணையில் தலை பதிந்து கிடப்பதுபோல் கிடந்தது. அசையவில்லை.

அன்று மாலை அத்தை மாவுக்குப் போட உளுந்து கேட்டார். பையை அவிழ்த்துக் கொடுத்தேன். "இது என்ன, பைக்குள்ள கட்டி வச்சிருக்க?" என்றார். "எறும்பு வருதுத்தை" என்றேன்.

அந்தப் படத்துக்கு வந்த கேசட்டில் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏ புள்ள, என்னத்த எடுத்த? செவப்பா ஒன்னு எலி மாதிரி ஓடுது. கண்ணு பிடிக்கல. வெளிச்சம் வேற பக்கு பக்குன்டு வந்து வந்து போகுது. ஆனா தானா ஓடுதே, அது எப்புடி?"

இப்படித்தான் எனக்குப் பாடம் நடந்தது. எடுப்பது நான், பார்ப்பது அவர். கழுவிய ஃபிலிம் அங்கேயே இருந்துவிடும், எனக்கென்று ஒரு பிரதி கிடையாது. நான் என்ன செய்தேன் என்பது எனக்கு அவர் குரலில்தான் வரும், அதுவும் மாதங்கள் கழித்து. அந்தக் குரலை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி ஓடவிட்டு, என் தவறைக் கண்டுபிடிப்பேன்.

எலி மாதிரி ஓடியது என்றால் விரற்கடை அதிகம். நெல்மணி ஒன்றைத் தரையில் போட்டு, அதன் நீளத்துக்குமேல் நகர்த்துவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வெளிச்சம் வந்து போனது என்றால் சன்னல் வெயில். மேகம் போகும்போதெல்லாம் மாறியிருக்கிறது. எல்லாக் கதவையும் சாத்தி, நூறு வாட் பல்பு இரண்டைக் கையெட்டும் தூரத்தில் தொங்கவிட்டேன். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் இருந்ததை இப்போது நினைத்தாலும் முதுகில் வியர்க்கிறது. ஃபேன் போடக் கூடாது, கட்டை அசையும். நெற்றி வியர்வை சொட்டாமலிருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொள்வேன்.

இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன், அது யாரும் சொல்லி வந்ததல்ல. "நடக்குது, ஆனா உசுரு இல்லாம நடக்குது" என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதை மனதில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நிற்கையில் பார்த்தேன். பஸ் சட்டென்று நிற்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துதான் நிற்கிறது. கிளம்பும்போதும் அப்படித்தான், முதலில் தயங்கி, பிறகு வேகம். மனிதர் கை நீட்டுவதும் அப்படித்தான் என்று வீட்டுக்கு வந்து என் கையையே நீட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு கட்டை கிளம்பும்போது கால் நெல், அரை நெல், ஒரு நெல். நிற்கும்போது அதே மாதிரி குறைத்து.

எங்கள் வீட்டையே கட்டினேன். வெள்ளைச் சுவர், நீலக் கதவு. அத்தைக்கு வெள்ளைக் கட்டைகள், தலையில் மஞ்சளாக ஒரு கூடை. எனக்குச் சிவப்பும் மஞ்சளும். முகம் கிடையாது. கை கால் கிடையாது. இந்தத் தடவை என்னை எடுக்க இன்னொருவர் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாதாரண நாளைத்தான் எடுத்தேன். வெள்ளை எழுகிறாள், கூடையைத் தூக்குகிறாள், கூடை சரிகிறது, மறுபடியும் தூக்குகிறாள், போகிறாள். சிவப்பு கூட்டுகிறாள், தண்ணீர் எடுக்கிறாள். அப்புறம் நடுவீட்டில் உட்காருகிறாள். அங்கே எனக்கு அடுத்து என்ன எடுப்பது என்று தெரியவில்லை. மெய்யாகவே அதற்குப் பிறகு மாலை வரை ஒன்றும் நடப்பதில்லையே. அதனால் அவளை அப்படியே உட்காரவைத்துவிட்டு, சன்னல் வெயிலாக ஒரு மஞ்சள் காகிதத் துண்டை வெட்டி, அதைத் தரையில் நெல் நெல்லாக நகர்த்தினேன். வெயில் சுவரோரம் தொடங்கி, அவள் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அவள் அசையவில்லை. அது மட்டும் எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்த நாட்களில் ஒருநாள் அத்தை நேரத்தோடு வீடு திரும்பிவிட்டார். கதவு தட்டும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கொல்லைப்புறமாக வந்து நின்றவர் கண்டது இதுதான். பட்டப்பகலில் சன்னலெல்லாம் சாத்தி, விளக்கு எரிய, தலையில் துண்டோடு மருமகள் தரையில் குப்புறப் படுத்துப் பொம்மை வீட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திட்டுவார் என்று நினைத்தேன். மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முதுகில் கை வைத்தார்.

"புள்ளைக்கு ஏங்குறியாத்தா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை. "படம் எடுக்குறேன்த்தை. அவுக பாக்குறதுக்கு" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது.

"வந்துருவான். வந்தா எல்லாம் சரியாப் போகும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேமராவுக்குக் கீழே பார்த்தார். "அதுக்கு ஏன் உளுந்து?"

அந்தப் படம் போய்ச் சேர்ந்து வந்த கேசட்தான் நான் அதிகம் கேட்டது. அதில் அவர் பேசவே இல்லை. "கேளு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, புரொஜக்டர் பக்கத்தில் டேப்பை வைத்துவிட்டார். தையல் மிஷின் மாதிரி அது ஓடுகிற சத்தம். அறை முழுக்க ஆட்கள் இருப்பது தெரிந்தது. கூடை சரிந்த இடத்தில் ஒரே சிரிப்பு. யாரோ, "எங்கம்மா இப்படித்தேன்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு என் படத்தை அந்தச் சத்தத்தில் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது கூட்டுகிறாள். இப்போது குடம். இப்போது உட்காருகிறாள். சிரிப்பு நின்றது. யாரோ இருமினார். பிறகு இருமலும் இல்லை. மிஷின் மட்டும் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் அவள் மேல் ஏறியிருக்கும், இறங்கியிருக்கும். அந்த அறையில் அத்தனை ஆண்களும் மூச்சு விடாமல் இருந்தார்கள். ஆனையூரில் சாத்திய கதவுக்குள் நான் ஒருத்தி அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை முதன்முதலாக யாரோ பார்த்ததுபோல் இருந்தது. அழுதேன் என்று சொன்னால் சரியாக இருக்காது. டேப்பை நிறுத்த எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு கேசட்டுகள் மாறிவிட்டன. "இங்க எல்லாரும் கேக்குறாங்கெ புள்ள. நம்ம உசிலம்பட்டிக்காரனுக்கு அவன் வீட்டு மாடு வேணுமாம்" என்றார். பின்னாலிருந்து அந்த உசிலம்பட்டிக்காரர், "மதினி, கருப்பு மாடு! நெத்தியில வெள்ளை!" என்று கத்தினார். கருப்புக் கட்டை என்னிடம் இல்லை. நீலத்தில் செய்தேன். இன்னொருவருக்குக் கிணறு. இன்னொருவருக்கு, அவர் வீட்டு வாசலில் நிற்கும் லாரி. முகம் தெரியாத ஆண்கள் என்னைத் தங்கச்சி என்றும் மதினி என்றும் கேசட்டில் கூப்பிட்டார்கள். எல்லோரும் வாழ்த்தினார்கள். அவர் குரல் அந்தக் கூச்சலுக்கு நடுவில் எங்கோ கேட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டு நிறுத்துகிற அந்த இடைவெளி போய்விட்டது. முன்பாவது ஏசி சத்தத்தோடு நானும் அவரும் தனியாக இருந்தோம்.

ஆகவே அவருக்கு மட்டும் என்று ஒரு படம் எடுக்க நினைத்தேன். நீலக் கட்டைகளில் ஓர் ஆள். கையில் பெட்டி. தூரத்திலிருந்து நடந்து வருகிறார். கதவுக்கு முன்னால் நிற்கிறார். கதவு திறக்கிறது. உள்ளே வருகிறார். அவ்வளவுதான் கதை. அவர் நடை எனக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு மாதத்துக்குள் எவ்வளவு பார்த்திருக்க முடியும்? இடது தோள் கொஞ்சம் முன்னால் வரும் என்பது மட்டும் நினைவிருந்தது. அதை வைத்து நடக்கவைத்தேன்.

பாதியில் ஒருநாள், கேமராவின் மூடி சரியாக மூடவில்லையோ என்று சந்தேகம் வந்து, திறந்து, மறுபடி அழுத்தி மூடினேன். கதவு திறப்பதிலிருந்து மீதியை எடுக்க ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை நான் எடுத்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது என்று என் கைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு அசைவும் தயங்கி, கிளம்பி, தளர்ந்து நின்றது. டப்பாவை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

வந்த கேசட்டில் கூட்டம் இல்லை, சிரிப்பும் இல்லை. நீண்ட நேரம் ஏசி மட்டும் இரைந்தது.

"ஒனக்குக் கோவம்டு புரியுது புள்ள. வாசல் வரைக்கும் கூட்டியாந்து நிப்பாட்டிட்ட. கதவு தொறக்கல. வெள்ளையாப் போயிருச்சு." மறுபடியும் ஏசி. "நான் ஒருத்தன்தேன் பாத்தேன். அவங்கெளுக்குப் போட்டுக் காட்டல. லீவு கேட்டிருக்கேன். வாரேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். மூடியைத் திறந்தால், எவ்வளவு ஃபிலிம் ஓடியிருக்கிறது என்று காட்டும் முள் முதல் எண்ணுக்குத் திரும்பிவிடுகிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். ஃபிலிம் எப்போதோ தீர்ந்திருக்கிறது. தீர்ந்த பிறகும் அமுக்கினால் கேமரா டிக் என்று சத்தம் போடத்தான் செய்கிறது. கதவு திறந்தது, அவர் உள்ளே வந்தது, எல்லாவற்றையும் நான் ஒன்றுமில்லாததில் எடுத்திருக்கிறேன். ஒரு மாதம். அழுகையாவது வந்திருக்கலாம், வரவில்லை. கட்டைகளைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

சொன்னபடியே லீவு வாங்கிக்கொண்டு ஆடி மாதம் வந்தார். அறைத்தோழரின் புரொஜக்டரையும் என் படங்களையும் கொண்டுவந்திருந்தார். நிஜமான ஆள் கேசட்டைவிட மெலிந்திருந்தார், குறைவாகப் பேசினார். இடது தோள் முன்னால் வரவில்லை. அது நானாக நினைத்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள்போல்தான் இருந்தோம். மூன்றாவது நாள், நான் காப்பி கொடுக்கையில் கேட்டார்.

"எதுக்குப் புள்ள நிப்பாட்டுன?"

"நிப்பாட்டலைங்க. ஃபிலிம் தீந்துபோச்சு. தெரியாம மேல எடுத்துக்கிட்டே இருந்திருக்கேன்."

அவர் என்னையே பார்த்தார். லீவுக்காக மேனேஜரிடம் மல்லுக்கட்டியதை அத்தையிடம் சொல்லியிருந்தார். இதற்காகவா வந்தோம் என்று நினைக்கிறாரோ என்று பயந்தேன்.

"மேலன்டா? என்ன எடுத்த?"

"கதவு தொறந்துச்சு. உள்ள வந்தீங்க."

"அப்புறம்?"

"உக்காந்தீங்க. தண்ணி குடுத்தேன்."

"அம்புட்டுத்தேனா?"

"அம்புட்டுத்தேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். காப்பியில் பாதி அப்படியே இருந்தது.

அன்று விளக்கு வைத்த பிறகு கூடத்துச் சுவரில் படங்களைப் போட்டார். நான் எடுத்தவற்றை நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் மனதில் ஓடிக்கொண்டிருந்த படம் அது அல்ல. கட்டைகள் நடுங்கின. வோல்ட்டேஜ் இறங்கிய இடத்தில் வீடு இருண்டு மீண்டது. ஓரிடத்தில் என் வளையலின் நிழல் சுவரில் விழுந்து மறைந்தது. அவர் எனக்கு முன்னாலேயே சிரித்தார், எங்கே சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு அது பலமுறை பார்த்த படம். எனக்கு, பழகிய ஒருவர் வீட்டுக்கு முதல் தடவை போனதுபோல் இருந்தது.

கூடை சரிந்ததும் அத்தை, "அது நானு! நாந்தேன் அது!" என்று எழுந்துவிட்டார். பிறகு சிவப்பு உட்கார்ந்தாள். மஞ்சள் வெயில் தரையில் ஊர்ந்து வந்தது. வெயில் அவள் மேல் ஏறி இறங்கி, சுவரோரம் போய் முடிந்தது. புரொஜக்டர் வெளிச்சத்தில் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் இம்புட்டு நேரமா உக்காந்திருக்க?"

நான் விளக்கைப் போட எழுந்தேன்.

லீவு முடிந்து அவர் கிளம்பினார். பம்பாய் போய் அங்கிருந்து விமானம். ரயிலடிக்கு நாங்கள் மூவரும் போனோம். ரயில் கிளம்பியபோது, பஸ் நிறுத்தத்தில் கற்றுக்கொண்ட மாதிரியே, முதலில் அசைவது தெரியாமல் அசைந்தது. அவர் இன்னும் சில வருடம் அங்கேதான் இருந்தார். அடுத்த முறை ஊருக்கு வந்தவர்கள், அங்கே அவர்கள் தங்கியிருந்த கேம்பில் வீடியோ வந்துவிட்டது என்றார்கள். என் மாட்டையும் கிணற்றையும் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை, எடுக்க எனக்குப் பகலும் இல்லை.

ஏனென்றால், அவர் ரயிலேறிய மறுநாள் விடியுமுன்பே அத்தை என்னை எழுப்பினார். "எந்திரி. முகத்தக் கழுவு. நீயும் பரவைக்கு வா" என்றார். எதற்கு என்று கேட்டேன். "வீட்ட யாரு தூக்கிட்டுப் போகப் போறா? பூட்டிக்கிட்டு வா."

மார்க்கெட்டில் எங்கு பார்த்தாலும் சாக்கும் சத்தமும். நான் எங்கே நிற்பதென்று தெரியாமல் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அத்தை ஒரு சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து, தராசைக் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் இந்நேரம் எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தபடி, தராசின் முள் ஆடி ஆடித் தளர்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாடிக்கையாக வாங்குகிற ஓட்டல்காரர் ஒருவர் வந்து, "ஆத்தா, இது யாரு புதுசா?" என்று கேட்டார்.

"எம்மருமக. இவ எடுத்த படம் மஸ்கட்டுல ஓடுச்சு தெரியும்ல?"

"அப்புடியா! படத்துல யாரு நடிச்சது?"

"நாந்தேன்" என்றார் அத்தை. ஓட்டல்காரர் சிரித்துக்கொண்டே கத்தரிக்காயைப் பொறுக்கத் தொடங்கினார். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.